எலி நடக்க ஒரு சங்கம்

நான் ஏணியிலிருந்து விழுந்த செய்தி என் மனைவியை எட்டியபோது, என்னைப் பேய் தள்ளிவிட்டதாக ஆகியிருந்தது.

அதற்குக் காரணம் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி. புலாவ் செபாங் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எனக்கு எலி ஒழிக்கும் வேலை. செம்பனைப் பழத்தைக் கொறித்துத் தள்ளும் எலிகளுக்கு விஷ உருண்டை வைக்க வேண்டும். எலி தின்னும் ஆந்தைகளுக்குக் கம்பத்தின் மேல் மரப்பெட்டி கட்டி, அவை குடியிருக்கின்றனவா என்று அவ்வப்போது ஏறிப் பார்க்கவும் வேண்டும். அன்று காலை நான் ஒரு பெட்டியின் வாசலில் முகத்தை வைத்ததும், உள்ளேயிருந்த தாய் ஆந்தை வெளியே பறக்க என் முகத்தைத்தான் வழியாகத் தேர்ந்தெடுத்தது. ஏணி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். ஆந்தைக்கு மலாய் மொழியில் ‘புருங் ஹந்து’, அதாவது பேய்ப் பறவை. கிராணி போனில், “புருங் ஹந்து அடிச்சி விழுந்துட்டாரு” என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவள் வேலை செய்யும் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையின் இரைச்சலில் பறவை தொலைந்துபோய்ப் பேய் மட்டும் அவள் காதில் விழுந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவள் ஒரு பூசாரியோடும் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடும் வந்து சேர்ந்தாள். நான் கழுத்துப்பட்டையோடு மல்லாந்து கிடந்தபடி நடந்ததைச் சொன்னேன். பூசாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆந்தையா? ஆந்தைக்கெல்லாம் நான் பாக்குறதில்லம்மா” என்று எலுமிச்சம்பழங்களை அவளிடமே கொடுத்துவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

இதை நினைத்துச் சிரிக்க எனக்கு ரொம்ப நாளானது. அன்று என் கவலையெல்லாம் கால்களைப் பற்றித்தான்.

“ரெண்டு காலும் கட்டில் மேலதான் இருக்கான்னு பாரு” என்றேன்.

அவள் போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். “இருக்கு. நகந்தான் வெட்டல” என்றாள். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முதுகெலும்பு உடைந்து, அதற்குள் ஓடும் தண்டுவடம் நசுங்கியிருந்தது. எலும்பை உலோகத் தகடு வைத்து நிமிர்த்தினார்கள். தண்டுவடத்துக்கு அப்படி ஒரு தகடு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தொப்புளுக்குக் கீழே எதுவும் இனி என் பேச்சைக் கேட்காது என்பதை டாக்டர் மெதுவாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். ஆட்டுவதற்கு அது ஒன்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மூத்திரத்துக்குக் குழாய், படுக்கைப் புண், விசிறியைப் பார்த்துக்கொண்டே போன பகல்கள். மனைவி வேலைக்குப் போகுமுன் என்னைத் திருப்பிப் படுக்கவைப்பாள், வந்ததும் மறுபடி திருப்புவாள். நான் யாரோடும் பேசாமல் இருந்தேன்.

தோட்டத்து வீட்டுக்கு வாசலில் படிகள். அதனால் புக்கிட் ரம்பாயில், அவள் தொழிற்சாலைக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில், படியில்லாத ஒரு தரைவீட்டை வாடகைக்குப் பிடித்தோம். அங்கே என்னைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்த ஒவ்வொருவருக்கும், என்னைப் போலவே விழுந்து, பிறகு எழுந்து நடந்துவிட்ட ஒரு சொந்தக்காரர் இருந்தார். அந்தச் சொந்தக்காரரை மட்டும் யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை. ஒருவர் உடும்புக் கொழுப்பில் காய்ச்சிய எண்ணெய் கொண்டுவந்தார். அதைத் தடவிய வாரம் முழுக்க, அக்கம்பக்கத்துப் பூனைகள் எங்கள் வாசலைவிட்டு நகரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் சித்தி வந்திருந்தார். என் கட்டிலை ஒட்டி உட்கார்ந்து, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, தன் சம்பந்தி வீட்டாரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று என் வலது கால் எழுந்து அந்தக் கோப்பையை உதைத்தது. நான் உதைக்கவில்லை. கால்தான் உதைத்தது.

சித்திக்குச் சூடு பட்டதுகூட உறைக்கவில்லை. “காலு ஆடுது. ஐயோ, காலு ஆடுதுடி” என்று வாசலுக்கு ஓடினார். சாயங்காலத்துக்குள் தாமானில் பாதிப் பேர் எங்கள் வீட்டில் இருந்தார்கள். யாரோ தேங்காய் உடைத்தார்கள். உடும்பு எண்ணெய்க்காரர் வந்து, எல்லாம் தன் எண்ணெயால் வந்தது என்று கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் என் கையைத் தன் தோளில் போட்டுத் தூக்கி நிறுத்தப் பார்த்ததில் நாங்கள் இருவரும் சோபாவில் கவிழ்ந்தோம். அப்போதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க நான் என் கால் கட்டை விரலையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் இளைஞர், தமிழர், ரொம்பத் தயங்கித்தான் பதில் சொன்னார்.

“அது தசை இழுப்பு, அங்கிள். அடிபட்ட இடத்துக்குக் கீழ இருக்கிற நரம்பு தானா செய்யிற வேல. மூளையில இருந்து ஆர்டர் போகல.”

“அப்ப காலுக்கு உசுரு இருக்கு. அதுக்கும் எனக்கும்தான் பேச்சுவார்த்த இல்ல.”

“கிட்டத்தட்ட அப்படித்தான்.”

“நடுவுல அறுந்த லைன யாராச்சும் கட்டப் பாக்குறாங்களா?”

“ஆராய்ச்சி நடக்குது, அங்கிள்.”

நோயாளியை மனம் நோகாமல் வீட்டுக்கு அனுப்ப டாக்டர்கள் சொல்லும் வார்த்தை அது என்று எனக்குத் தெரியாது. “எங்க நடக்குது?” என்று கேட்டேன். அவரிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. சற்று நேரம் போனைத் தடவிப் பார்த்துவிட்டு, கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தைச் சொன்னார்.

என் மைத்துனன், மனைவியின் தம்பி, சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. அவனிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் அது கூட்டமாக மாறிவிடும். ஆய்வுக்கூடத்துக்கு அவனே போன் போட்டான். அங்கே தண்டுவடக் காயத்தை ஆராய்கிறவர் ஈப்போக்காரத் தமிழ்ப் பெண் என்றும், ஆராய்ச்சி பணம் போதாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றும் தெரிந்தது. போனை வைத்த கையோடு என்னிடம் வந்தான்.

“மச்சான், நாம ஒரு சங்கம் ஆரம்பிக்கிறோம்.”

“எதுக்கு?”

“ஆராய்ச்சிக்குக் காசு சேக்க. நீங்கதான் தலைவர்.”

“ஏன் நானு?”

“அடிபட்டவர் நீங்கதானலா.”

முதல் கூட்டம் புலாவ் செபாங்கில், பாயின் மளிகைக்கடைக்குள், அரிசி மூட்டைகளுக்கு நடுவே நடந்தது. பாய் எங்கள் தோட்டத்துக்கே மூன்று தலைமுறையாகச் சாமான் போடுகிற குடும்பம். பணம் அவர் கையில் இருந்தால்தான் ஊர் நம்பும் என்பதால் அவரைப் பொருளாளராகப் போட்டோம். மைத்துனன் எழுந்து நின்று, ஆலையில் எந்தக் கூட்டத்தையும் தொடங்குகிற மாதிரியே தொடங்கினான். “தீ விபத்து ஏற்பட்டா வெளியேறுற வழி...” என்று சொல்லிச் சுற்றிலும் பார்த்தான். கடைக்கு ஒரே வாசல்தான். அதையும் என் சக்கர நாற்காலி அடைத்துக்கொண்டிருந்தது.

“தம்பி, தீப்புடிச்சா மொதல்ல உங்க மச்சான உருட்டி வுடுவோம், நீங்க மேல பேசுங்க” என்றார் பாய்.

பதிவு, சட்டதிட்டம் எல்லாவற்றையும் மைத்துனன் ஆசையோடு பார்த்துக்கொண்டான். அவனுக்கு விண்ணப்பம் எழுதுவது மற்றவர்களுக்குச் சினிமா பார்ப்பது போல. வெளியே யாருக்கும் சந்தேகம் வராத தூய தமிழில் பெயர் இருக்க வேண்டும் என்று ‘முதுகுத்தண்டு ஆராய்ச்சி நிதிச் சங்கம்’ என்று வைத்தான். தொடக்க விழாவுக்குப் பேனர் அடிக்க அவனே போனில் தட்டி அனுப்பினான். போன் அவனைவிடத் தமிழில் கெட்டி. தண்டு என்று அவன் தட்டியதைத் தொண்டு என்று திருத்திவிட்டது. பேனர் அடித்த சீனப் பையனுக்கு இரண்டும் ஒரே சித்திரம்தான்.

ஆக, ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மண்டப வாசலில் ‘முதுகுத்தொண்டு ஆராய்ச்சி நிதிச் சங்கம்’ என்று ஆளுயர எழுத்தில் தொங்கியது. விழா நாளில் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். வயதானவர்கள் பலர் துண்டும் தைலப் புட்டியுமாக வந்திருந்தார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு என்னிடமே வந்து, “எங்கப்பா படுக்கணும்?” என்று கேட்டார்.

கோலாலம்பூரிலிருந்து வந்த ஆய்வாளருக்கு இறங்கியதுமே வேலை வந்துவிட்டது. முழங்கால் வலிக்காரர்களும் சர்க்கரைக்காரர்களும் அவர் முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள். “நான் மருந்து எழுதுற டாக்டர் இல்ல, பாட்டி. படிச்ச டாக்டர்” என்று அவர் ஒவ்வொருவரிடமும் விளக்கினார். “படிக்காத டாக்டர்கிட்ட நாங்க ஏம்மா வரப் போறோம்” என்று ஒரு கிழவி கையை நீட்டி நாடி பார்க்கச் சொன்னார்.

ஒரு வழியாக எல்லோரையும் உட்கார வைத்து, மைத்துனன் வெளியேறும் வழிகளைக் காட்டி முடித்த பிறகு, அவர் திரையில் படம் போட்டு விளக்கினார். தண்டுவடம் எப்படி வேலை செய்கிறது, அறுந்தால் ஏன் ஒட்டுவதில்லை, தாங்கள் என்ன மருந்தைச் சோதிக்கிறோம் என்று அழகாகச் சொன்னார். அடுத்த படத்தில் ஒரு எலி வந்தது.

முன் வரிசையில் என்னோடு வேலை பார்த்த கங்காணி, எங்கள் மண்டோர், உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் ஆட்களை மேய்த்தே பழகிய குரல் அவருக்கு. மெதுவாக எழுந்தார்.

“என்னம்மா இது?”

“எலிங்க, ஐயா. லேப்ல வளக்குறது. தண்டுவடத்துல அடிபட்ட எலிக்கு மருந்து குடுத்து, திரும்ப நடக்குதான்னு பாப்போம்.”

“அப்ப நாங்க போடுற காசு எலிய நடக்க வைக்க.”

“மொதல்ல அதுதான், ஐயா.”

மண்டோர் என் பக்கம் திரும்பினார். “இவரு எங்க தோட்டத்துல நடந்துகிட்டிருந்த எலிய எல்லாம் கொன்னவரு. இப்ப நடக்காத எலிய நடக்க வைக்கக் காசு கேக்குறாரு. நீங்க ஒரு முடிவுக்கு வந்துட்டு எங்கள கூப்புடுங்கலா.”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். விழுந்த பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது அன்றுதான். குலுங்கியதை வயிறு சரியாக எனக்குத் தெரிவிக்கவில்லை, தோள் குலுங்கியதை வைத்துத் தெரிந்துகொண்டேன். மனைவி பின்னால் நின்றவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். மைத்துனன் மைக்கைக் கொண்டுவந்து என் வாயருகே நீட்டினான். நான் பேச்சு எதுவும் தயார் செய்திருக்கவில்லை.

“மண்டோரண்ணே, அந்த எலிக்கும் எனக்கும் இப்ப ஒரே வியாதி. அது முன்னால போகட்டும். அதுக்கு ஒண்ணும் ஆகலன்னா நான் பின்னால போறேன்” என்றேன்.

மண்டோர் யோசித்தார். “அது ஞாயம்” என்று உட்கார்ந்தார்.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்துகிறவர் என்று பிறகு தெரிந்தது. “எம் மவன் மோட்டர்சைக்கிள்ல இருந்து விழுந்து படுத்த படுக்கையா இருக்கான். இந்த மருந்து எப்ப வரும்?” என்று கேட்டார்.

மேடையோரத்தில் நின்ற மைத்துனன் ஆய்வாளருக்குக் கையால் ஜாடை காட்டினான். ஊரெல்லாம் அவன் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று சொல்லித்தான் கூட்டம் சேர்த்திருந்தான். ஆய்வாளர் அந்த ஜாடையைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் விட்டுவிட்டார்.

“தெரியலக்கா. எலிக்குச் சரியானாலும் மனுஷங்களுக்கு ஆகணும்னு இல்ல. ரொம்ப வருஷம் ஆகும். நம்ம காலத்துல வராமலும் போகலாம்.”

பாய் உண்டியல் டின்னை மெதுவாக மேசைக்கு அடியில் தள்ளினார். மைத்துனன் நிலைமையைச் சரிக்கட்ட மைக்கை எடுத்தான்.

“நீ இருப்பா” என்றார் அந்த அக்கா. ஆய்வாளரைப் பார்த்து, “எம் மவன் விழுந்ததுல இருந்து வந்தவன் போனவன் எல்லாம் சீக்கிரம் சீக்கிரம்னே சொன்னான். தெரியலன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். உங்கள நம்பலாம்” என்றார். நேராக நடந்து வந்து, மேசைக்கு அடியிலிருந்த டின்னை வெளியே எடுத்துப் பணத்தைப் போட்டார். பிறகு மைத்துனனிடம், “செயலாளர் யாரு?” என்று கேட்டார்.

“இன்னும் முடிவு பண்ணலக்கா.”

“முடிவு பண்ணிக்க. நாந்தான்.”

அன்றிலிருந்து எங்கள் கூட்டங்கள் சாப்பாட்டு வரிசை மாதிரி நடந்தன. ஒருவர் பேசி முடித்துவிட்டு மறுபடி வாய் திறந்தால், “நீங்க வாங்கிட்டீங்க, அடுத்த ஆள் வாங்க” என்பார் செயலாளர் அக்கா. பேனரை மாற்றலாம் என்று மைத்துனன் சொன்னபோது, அடித்த பேனரை வீணாக்கக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டார்.

நிதி திரட்ட என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, மைத்துனன் ‘நடைப்பயணம்’ என்றான். எல்லோரும் டீ சட்டை போட்டுக்கொண்டு டவுனைச் சுற்றி நடப்பது, நடப்பவர்கள் ஆளாளுக்கு ஒரு தொகை சொல்லிச் சங்கத்துக்குக் கொடுப்பது.

“நான் என்ன பண்றது?” என்று கேட்டேன்.

அவன் அதை நினைக்கவே இல்லை. முகம் சிவந்துவிட்டது. “நீங்க... கொடி ஆட்டலாம், மச்சான்.”

“அவரும் வருவாரு. நான் தள்ளிக்கிட்டு வரேன்” என்றாள் மனைவி.

நடைப்பயணத்தன்று நல்ல கூட்டம். தொழிற்சாலையிலிருந்து அவள் தோழிகள் வந்தார்கள், மண்டோர் ஒரு லோரி நிறைய ஆட்களோடு வந்தார். மைத்துனன் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு, விசிலும் முதலுதவிப் பெட்டியுமாக முன்னால் போனான். பாதி தூரத்தில் வானம் இருட்டி மழை கொட்டத் தொடங்கியது. எல்லோரும் கடை வரிசையின் கூரை போட்ட அஞ்சடி நடைபாதைக்குள் ஓடி ஏறிவிட்டார்கள். அஞ்சடிக்கு உயரமான படி. சக்கர நாற்காலி ஏறாது. எங்களை யாரும் கவனிக்கவில்லை, அவரவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன செய்யலாம்?” என்றாள் மனைவி, நனைந்துகொண்டே.

“இங்க நின்னாலும் நனையத்தான் போறோம். போய்க்கிட்டே இரு.”

அவள் தள்ளினாள். நான் குடை பிடித்தேன், அது எங்கள் இருவருக்கும் போதவில்லை. காற்று குடையைத் திருப்பியபோது அவள் எதையோ சொல்லித் திட்டினாள், ஆந்தையை என்று நினைக்கிறேன். முடிவிடத்தில் பந்தலுக்கடியில் மெடல்களோடு உட்கார்ந்திருந்த பாய் எழுந்து நின்றார். “மத்தவங்க எங்க?” என்றார்.

“நடக்க முடியலையாம், பாய்” என்றேன்.

நடந்து முடித்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும் என்று ஆனது. மழை விட்ட பிறகு வந்து சேர்ந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு, சொன்னதைவிட அதிகமாகவே போட்டார்கள். அஞ்சடிக்காரர்களில் ஒருவரான மண்டோர், அடுத்த வாரமே அந்தப் படிக்குச் சிமெண்டில் ஒரு சரிவு போட்டுக் கொடுத்தார். கடைக்காரரிடம் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

சேர்ந்த பணத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்க ஒரு வேன் எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் போனோம். நான், மனைவி, மைத்துனன், பாய், செயலாளர் அக்கா. எங்கள் பணத்தில் எலிகள் நடந்து பழக ஒரு சின்ன ஓடுபாதை இயந்திரம் வாங்கப் போவதாக ஆய்வாளர் சொன்னார். மைத்துனன் அதில் சங்கத்தின் பெயரை ஒட்ட முடியுமா என்று கேட்டான். பெயர் இயந்திரத்தைவிட நீளம் என்று தெரிந்ததும் விட்டுவிட்டான். எலிகள் இருந்த அறைக்குள் எங்களை விடவில்லை, நாங்கள் கிருமி கொண்டுபோய்விடுவோமாம். பாய்க்கு அதில் நிம்மதி. கடையில் அரிசி மூட்டை வைத்திருப்பவருக்கு எலி என்றாலே உடம்பு கூசும்.

அதற்குப் பதிலாக ஒரு காணொளி காட்டினார்கள். பின்னங்கால்கள் செத்துப்போன ஒரு வெள்ளை எலி. முதலில் முன்னங்காலால் தன்னை இழுத்துக்கொண்டு போனது. அந்த இழுப்பு எனக்குத் தெரியும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நான் அப்படித்தான் போகிறேன். பிறகு இன்னொரு காட்சி, சிகிச்சைக்குப் பல வாரம் கழித்து எடுத்தது என்றார் ஆய்வாளர். அதே எலி. பின்னங்கால் ஒன்று நடுங்கியது, ஊன்றியது, இடுப்பு கொஞ்சம் உயர்ந்தது. அப்படியே தள்ளாடிக் கொஞ்ச தூரம் போய்ப் பக்கவாட்டில் சாய்ந்தது. மறுபடி எழுந்தது.

இது தசை இழுப்பு இல்லையே என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. மனைவி என் தோளில் கை வைத்திருந்தாள், அவள் அழுத்தியதில் வலித்தது. வலித்த வரைக்கும் நல்லது என்று பேசாமலிருந்தேன்.

“இன்னொரு தடவ போடும்மா” என்றார் செயலாளர் அக்கா.

போட்டார்கள். அக்கா சொல்லச் சொல்ல மறுபடியும் போட்டார்கள். கடைசியில் பாய்தான், “அந்த எலிக்கு மூச்சு வாங்குது, வுட்டுருங்க” என்றார்.

திரும்பும் வழியில் வேனில் அக்கா மகனுக்குப் போன் போட்டார். நாங்கள் எல்லோரும் கேட்காத மாதிரி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“பாத்தேன்டா. கொஞ்ச தூரம் நடந்துச்சு. விழுந்துச்சு, திரும்ப எந்திரிச்சிச்சு... உனக்கு எப்பன்னு கேக்காத, அவங்களுக்கே தெரியாது. நல்ல பிள்ளைங்க, ராப்பகலா பாக்குதுங்க.”

மகன் ஏதோ கேட்டான். அக்கா குரலைத் தாழ்த்தினார், ஆனாலும் கேட்டது.

“எங்க சாப்பாடு போட்டாங்க? காசு குடுத்துட்டு பசியோட வரோம். சிரம்பான்ல நிப்பாட்டி ஏதாச்சும் சாப்புடணும். நீ சாப்டியா?”